சட்டைப் பையில் ஓடிய பதிவு

முதலில் ஒரு விடுகதை. கூடவே பிறந்தது, கூடவே வளர்ந்தது. ஊரார் பார்ப்பார்கள், உடையவரால் பார்க்க முடியாது. அது என்ன? முகம் என்று சொல்லத் தோன்றினால் நீங்களும் பூவராகன் கட்சி. அவனும் அப்படித்தான் சொன்னான், போன ஞாயிற்றுக்கிழமை, குடும்ப நீதிமன்றத்தின் பின்பக்கம், பிரிந்து வாழும் பெற்றோர் பிள்ளைகளைச் சந்திப்பதற்கென்று ஒதுக்கியிருக்கும் அறையில், சுவரில் வரைந்த யானைக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அவன் மகள் மிருதுளா கேட்டபோது. அவள் இல்லை என்று தலையாட்டினாள். முகத்தைப் போனில் பார்க்கலாமே, என் முகத்தை நான் பார்க்காத நாளே கிடையாதுப்பா, முதுகுதான் விடை என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாளா? அதுதான் பூவராகனுக்கு இப்போது நினைவில்லை. சிரித்திருந்தால் அவளுக்கு அப்போது ஒன்றும் தெரியாது. சிரிக்கவில்லை என்றால் தெரிந்திருக்கிறது, தெரிந்துகொண்டே எதிரில் உட்கார்ந்து விடுகதை போட்டிருக்கிறாள். அந்த ஒரு நொடியை மனதுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறான். ஒரு தடவை சிரிக்கிறாள், அடுத்த தடவை சிரிக்கவில்லை, அதற்கடுத்த தடவை அவள் முகமே இல்லை, யானையின் தும்பிக்கைதான் இருக்கிறது.

அவன் உட்கார்ந்திருப்பது அதே கட்டடத்தின் முன்பக்கத்து நடை. கடலூர்க் காற்று தின்று தீர்த்த சன்னல் கம்பிகள், மேலே ஓடுகிறதா நிற்கிறதா என்று சொல்ல முடியாத மின்விசிறி, எதிரே நீதிபதியின் தனியறைக் கதவு. மிருதுளா கொஞ்சம் முன்புதான் உள்ளே போனாள், ஆலோசகர் அம்மாவின் கையைப் பிடிக்காமல், அவருக்குப் பக்கத்தில் நடந்து. அப்பாவிடம் இருக்கிறாயா, அம்மாவிடம் இருக்கிறாயா என்று நீதிபதி கேட்பார். பன்னிரண்டு வயதுப் பெண் என்ன சொல்கிறதோ அதைத்தான் பெரும்பாலும் உத்தரவாக எழுதுவார்கள் என்று வக்கீல் ஜோதிலிங்கம் சொல்லியிருக்கிறார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுப் போயிருக்கிறாள். இடது கால் செருப்பு கவிழ்ந்து கிடக்கிறது. செருப்பு கவிழ்ந்து கிடந்தால் வீட்டில் சண்டை வரும் என்பார்கள். இனிமேல் எந்த வீட்டில் எந்தச் சண்டை வரவேண்டும். எழுந்து போய் அதை நிமிர்த்திவைக்க வேண்டும் என்று காலில் ஒரு தவிப்பு, ஆனால் கதவுக்கு அவ்வளவு பக்கத்தில் போனால் உள்ளே பேசுவதை ஒட்டுக்கேட்கப் போனதாக ஆகிவிடும். ஒட்டுக்கேட்பது. அந்தச் சொல் வந்ததும் இடது கை தானாகச் சட்டைப் பைக்குப் போகிறது. போன் அங்கேதான் இருக்கிறது. ஒலியை அடக்கிவைத்த போன், நெஞ்சோடு ஒட்டி, உடம்புச் சூட்டில் இளஞ்சூடாக. கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறான். எதிர் மூலையில் ஹேமலதா, அவன் மனைவி, இன்னும் சட்டப்படி மனைவிதான், இதைப் பார்த்தாளோ என்று தோன்றுகிறது. அவள் தன் போனைப் பார்க்கவில்லை என்பதை அப்போதுதான் கவனிக்கிறான். ஹேமலதாவின் கையில் போன் இல்லாமல் அவன் பார்த்து எத்தனையோ நாளாகிறது. கைகள் இரண்டும் எங்கே வைப்பது என்று தெரியாததுபோல முந்தானையைச் சுருட்டிக்கொண்டிருக்கின்றன.

மிருது அண்ட் அம்மா. ஹேமலதா நடத்தும் வீடியோ சானலின் பெயர் அதுதான். பூவராகன் உர நிறுவனத்தில் விற்பனைக்காரன், வாரத்தில் பாதி நாள் விருத்தாசலத்திலோ கள்ளக்குறிச்சியிலோ லாட்ஜ் அறையில். ஆரம்பத்தில் அவனுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. இரவு இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு, மகள் பல் தேய்ப்பதையும் கேசரி கிண்டுவதையும் பார்ப்பான். கீழே யாரோ பாப்பா செம க்யூட் என்று எழுதியிருந்தால் அவனே பெற்றதுபோல, அவனே பெற்றதுதான், பெருமையாக இருக்கும். பெயரில் தான் இல்லையே என்று ஒருநாள் கேட்டதற்கு ஹேமலதா, நீங்க வீட்லயே இல்லையேங்க என்று சாதாரணமாகச் சொன்னாள். அதில் குத்தல் இருந்ததா என்று அப்போது யோசிக்கவில்லை. பிறகு என்னென்னவோ. வீட்டுக்கு வந்தால் கூடத்தில் வீடியோவுக்கான வெளிச்ச வளையம் நிற்கும், ஓரமாகப் போங்க, ஃபிரேமில் வருகிறீர்கள் என்பாள். சொந்த வீட்டில் சுவரை ஒட்டி நடந்து பழகியவன், ஒருநாள் அப்படியே வாசல் வழியாக வெளியே நடந்து தனி வீடு எடுத்துவிட்டான் என்றுதான் சொல்ல வேண்டும், பெரிய காரணம் கேட்டால் அவனிடம் இல்லை. வழக்கு அப்போது வரவில்லை. வழக்கு வந்தது திட்டக்குடி லாட்ஜில் ஒரு காலை நேரத்தில், காப்பி ஆறிக்கொண்டிருக்கும்போது, போனில் விழுந்த ஒரு அறிவிப்பால். புதிய வீடியோ. எங்கள் மிருது பெரிய பெண் ஆயிட்டா. மகள் வயதுக்கு வந்த செய்தி பெற்ற அப்பனுக்கு அப்படி வந்தது, இரண்டு லட்சம் பேரோடு வரிசையில் நின்று. சடங்கு, மஞ்சள் தண்ணீர், தாய்மாமன் சீர்த்தட்டு, தலைக்கு மேல் மிருதுளாவின் படம் போட்ட பேனர், நடுவில் பட்டுப்பாவாடையில் அவள், சிரித்துக்கொண்டு. அவன் அதை முழுதாகப் பார்த்தான். அதுதான் கேவலம். நிறுத்தாமல், தள்ளாமல், கடைசியில் சப்ஸ்கிரைப் பண்ணுங்க என்று அவள் விரலை நீட்டும் வரை பார்த்தான்.

ஜோதிலிங்கத்திடம் போனபோது அவர் மனுவைப் புரட்டிவிட்டு, கோர்ட்டுக்கு உங்க வருத்தம் போதாது சார், ஆதாரம் வேணும் என்றார். பிள்ளைகளை இப்படி வீடியோவில் போட்டால் என்ன ஆகும் என்று யாராவது ஆராய்ச்சி பண்ணியிருப்பார்கள், இணையத்தில் தேடிக் கொண்டுவாருங்கள், அப்புறம் பாப்பா வாயாலேயே ஏதாவது வந்தால் ரொம்ப நல்லது, பேசும்போது பதிவு பண்ணிவையுங்கள் என்றார். இரண்டையும் ஒரே மூச்சில், மருந்துக்கடைக்காரர் இதைச் சாப்பாட்டுக்கு முன், இதைச் சாப்பாட்டுக்குப் பின் என்று சொல்வதுபோலச் சொன்னார். பூவராகன் இரண்டையும் செய்தான். தேட ஆரம்பித்த அன்று அவனுக்கு என்ன சொல்லித் தேடுவது என்றே தெரியவில்லை. குழந்தை, வீடியோ, தீமை என்று போட்டால் பேய் வீடியோக்கள் வந்தன. தட்டுத் தடுமாறி ஒருநாள் ஒரு பக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தான். ஏதோ ஒரு கல்லூரி நூலகத்துப் பக்கம். ஊடகம், இணையப் பண்பாடு, சமூகம் என்று தலைப்பு. இலவசமாகப் படிக்கக்கூடிய கட்டுரைகள், கேட்கக்கூடிய உரைகள், எங்கெங்கோ உள்ள ஆவணக் காப்பகங்கள். படம் இல்லை, விளம்பரம் இல்லை, பழுப்பேறிய சுவர்போல ஒரு பக்கம். ஆனால் ஒவ்வொரு இணைப்புக்கும் கீழே யாரோ தமிழில் ஒன்றிரண்டு வரி எழுதிவைத்திருந்தார்கள். இது நீளம், அவசரக்காரர்கள் முடிவை மட்டும் படிக்கலாம். இதில் வரும் அம்மா கெட்டவள் இல்லை, அதனால்தான் படிக்கச் சங்கடமாக இருக்கும். எழுதியவர் பெயர் எங்கும் இல்லை. பூவராகன் அந்த வரிகளுக்காகவே திரும்பத் திரும்பப் போனான். உர மூட்டைக் கணக்கை முடித்துவிட்டு, லாட்ஜ் கட்டிலில் முதுகைச் சாய்த்து, கண்ணுக்குத் தெரியாத யாரோ ஒருவர் கைகாட்டிய வழியில் ஒவ்வொரு கதவாகத் திறந்தான். பிள்ளைகளுக்கு விவரம் தெரிவதற்குள் அவர்களுக்கு ஒரு ஊர் அறிந்த முகம் அமைந்துவிடுவது பற்றி ஒன்று. பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் மனிதர் தன் வீட்டுக்குள்ளேயே எப்படி நடக்கத் தொடங்குகிறார் என்று ஒன்று. அதைப் படித்தபோது கூடத்தில் சுவரை ஒட்டி நடந்த தன்னை யாரோ பார்த்து எழுதிவிட்டதுபோலத் திடுக்கிட்டான். நாற்பது வயதுக்கு மேல் முதன்முறையாகப் படிப்பு என்பது இதுதானோ என்று ஒரு மகிழ்ச்சிகூட வந்தது. ஹேமலதாவுக்கு எதிராக எதெல்லாம் உதவுமோ அதையெல்லாம் அச்செடுத்தான். உதவாததை மூடிவிட்டு அடுத்ததற்குப் போனான்.

அடுத்ததற்குப் போனதில் ஒன்று மட்டும் போகாமல் நின்றுவிட்டது. நேற்று வாசித்தது. ஏன் நேற்று, ஏன் ஒரு மாதம் முன்பே கண்ணில் படவில்லை. பட்டிருக்கும், தாண்டிப் போயிருப்பான். பக்கத்தின் அடிப்பகுதியில், பெற்றோரும் பதிவுக் கருவியும் என்று ஒரு கட்டுரை, அதன் கீழே அந்தப் பெயரில்லாதவரின் குறிப்பு: காட்டுவதற்காகப் பதிவு செய்கிற பெற்றோரைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நிரூபிப்பதற்காகப் பதிவு செய்கிறவர்களைப் பற்றி இது ஒன்றுதான் எனக்குக் கிடைத்தது. பூவராகன் கட்டுரையைத் திறக்கவில்லை. குறிப்பே போதுமாக இருந்தது. இப்போது இந்த நடையில், மின்விசிறிக்குக் கீழே, அந்தக் குறிப்பு எழுதியவர் ஆணா பெண்ணா, எந்த ஊர், இப்போது என்ன செய்துகொண்டிருப்பார், மதியச் சாப்பாட்டுக்கு எழுந்திருப்பாரா என்றெல்லாம் நினைப்பு ஓடுகிறது. ஓடட்டும். அது ஓடும்வரை இன்னொன்று வராது. வருகிறது. விடுகதைக்கு முந்தைய ஏதோ ஒரு ஞாயிறு, அதே யானைக்குக் கீழே. சட்டைப் பையில் போன், உள்ளே பதிவு ஓடிக்கொண்டிருக்கிறது. அவன் கேட்ட கேள்விகளை இன்று யோசித்தால் அவை அப்பாவின் கேள்விகளாகவே இல்லை. அம்மா உன்னை நடிக்கச் சொல்வார்களா, எத்தனை தடவை எடுப்பார்கள், வேண்டாம் என்று சொன்னாயா. மிருதுளா முதலில் தோளைக் குலுக்கினாள். பிறகு ஜூஸ் குடித்த குழலைக் கடித்துக்கொண்டே, சடங்கு அன்று வயிறு வலித்தது, சிரித்தது மூன்றாவது தடவை எடுத்ததில்தான் என்றாள். அதோடு அவன் நிறுத்தியிருக்கலாம். வழக்குக்கு அதுவே போதும். ஆனால் அவள் குழலைக் கீழே வைத்துவிட்டுத் தானாக மேலே பேசினாள். வகுப்பில் பையன்கள் அந்த வீடியோவைப் போட்டுப் பார்க்கிறார்கள். பேனரில் நிற்பதுபோல நின்று காட்டுகிறார்கள். தோழிகளும் இப்போது தள்ளித்தான் உட்காருகிறார்கள். மதியம் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு சாப்பிடுகிறாள்.

"அம்மாவுக்குத் தெரியாதுப்பா. தெரிஞ்சா அழுவாங்க. நீ யார்கிட்டயும் சொல்லாத."

அவன், சொல்ல மாட்டேன் பாப்பா என்றான். அதுவும் பதிவில் இருக்கிறது. அவன் குரல், கொஞ்சம் கரகரப்பாக, சட்டைத் துணி உரசும் சத்தத்துக்கு நடுவில், சொல்ல மாட்டேன் பாப்பா. ஜோதிலிங்கம் அதைத் தன் அறையில் போட்டுக் கேட்டுவிட்டு, இது போதும் சார், பிரமாதம் என்றார். அந்தக் கடைசி வரியை வெட்டிவிடலாமா என்று பூவராகன் கேட்டான். வெட்டினால் ஒட்டு வேலை என்று எதிர்த்தரப்பு சொல்லும், முழுசாக இருக்கட்டும் என்றார். முழுசாக இருந்தது. எழுத்தில் இறக்கி, மனுவோடு சேர்த்து, தாக்கல் செய்தாயிற்று. தாக்கல் செய்வது என்றால் நீதிபதியின் மேசை மட்டும் என்று பூவராகன் நினைத்திருந்தான். உரம் விற்பவனுக்கு வேறென்ன தெரியும், கோட்டாட்சியரிடம் கொடுத்த மனு கோட்டாட்சியரிடம் இருக்கும், அதுபோல. இன்று காலை படியேறும்போதுதான் ஜோதிலிங்கம் பேச்சுவாக்கில், எதிர்த்தரப்புக்கு நகல் அப்பவே கொடுத்தாச்சு, அவங்க பதில் மனுகூடப் போடலை, அடிச்சுப் போட்ட மாதிரி இருக்காங்க என்று சந்தோஷமாகச் சொன்னார். அப்பவே என்றால் எப்போது. போன ஞாயிற்றுக்கு முன்பா பின்பா. கேட்காமல் படியேறினான். ஆக ஹேமலதாவுக்குத் தெரியும். ஹேமலதாவுக்குத் தெரிந்தால் மிருதுளாவிடம் கேட்காமல் இருந்திருப்பாளா. கேட்டிருந்தால், உனக்கெப்படித் தெரியும் என்று மிருதுளா கேட்டிருப்பாள். உங்கப்பாதான் என்றிருப்பாள். இல்லை, கேட்டிருக்கவே மாட்டாள். கேட்டிருப்பாள். சிரித்தாளா அன்றைக்கு. வேண்டாம், அந்த வழியில் போக வேண்டாம். உள்ளே இந்நேரம் நீதிபதி அம்மா கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டு, நீ தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் சாப்பிடுகிறாயாமே என்று கனிவாகக் கேட்டுக்கொண்டிருக்கலாம். கனிவாகக் கேட்டால் இன்னும் மோசம். மிருதுளாவின் காது சிவக்கும். சின்னதில் பொய்யில் மாட்டிக்கொண்டால்கூட அவளுக்குக் கன்னம் சிவக்காது, காதுதான். அதை எந்த வீடியோவும் காட்டியதில்லை, தலைமுடியை முன்னால் இழுத்துவிட்டே எடுப்பாள் ஹேமலதா. அவனுக்கு மட்டும் தெரிந்த மிருதுளா ஒருத்தி இருக்கிறாள் என்று இதுவரை நினைத்துக்கொண்டிருந்தான். அவளையும்தான் பக்கம் எண் போட்டுக் கொடுத்துவிட்டான்.

யாரோ எழுந்து நடக்கும் சத்தம். ஹேமலதா. கதவுப் பக்கம் போய், கால் விரலால் கவிழ்ந்த செருப்பை நிமிர்த்திவிட்டு, ஜோடியாகத் தள்ளிவைத்துவிட்டு, திரும்பி நேரே இவன் பெஞ்சுக்கு வந்து மறு கோடியில் உட்கார்ந்தாள். பூவராகன் நகர்ந்துகொள்ளவில்லை, நகர இடமும் இல்லை. சாப்டீங்களா என்றாள். காலையில் சாப்பிட்டேன் என்றான். உப்புக்காற்றில் அவள் முகம் பிசுபிசுத்திருந்தது, பவுடர் இல்லை, கண்ணுக்குக் கீழே கருப்பு. இந்த முகத்தை அவனுக்குத் தெரியும், கல்யாணமான புதிதில் மாதக்கணக்கில் பார்த்த முகம், இடையில் எங்கேயோ போயிருந்தது. சடங்கை ஏன் போட்டாய் என்று கேட்க எத்தனையோ ராத்திரி ஒத்திகை பார்த்து வைத்திருந்தான். இப்போது அந்தக் கேள்வியை எடுத்தால் அது கையில் நிற்கவில்லை. அவள் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள். ஊருக்கே பேனர் வைத்துச் சொல்கிற விஷயம்தானே, மண்டபத்தில் ஐந்நூறு பேர் பார்க்கலாம், போனில் பார்த்தால் மட்டும் என்ன என்று நினைத்துவிட்டாளாம். எங்க அம்மா எனக்கு மைக் செட்டு கட்டினாங்க, நான் சந்தோசமாத்தான இருந்தேன் என்றாள். முந்தானை சுருண்டு பிரிந்தது.

"தொட்டிக்குப் பின்னால நின்னு சாப்புடறத எங்கிட்ட சொல்லல அவ. உங்ககிட்டதான் சொன்னா. அத நீங்க பேப்பர்ல போட்டுட்டீங்க."

கோபமே இல்லை. இருந்தால் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும். நீ போடாததையா நான் போட்டேன் என்று சொல்ல வாய் வந்தது, ஆனால் அந்த வாக்கியத்துக்குள் நுழைந்தால் இரண்டு பேரும் ஒரே பக்கம் போய் நிற்கவேண்டியிருக்கும் என்று பாதியில் தெரிந்துவிட்டது. அவளிடம் கேட்டாயா என்று மட்டும் கேட்டான். கேட்கவில்லை, நகலை பீரோவில் புடவைக்கு அடியில் வைத்தேன் என்றாள். அவனுக்குள் ஏதோ ஒன்று அவிழ்ந்து மூச்சு வந்தது. அப்படியானால் சிரித்திருக்கிறாள், அன்று சிரித்துத்தான் இருக்கிறாள். ஹேமலதா அதே குரலில், போன வெள்ளிக்கிழமை பார்த்தப்ப புடவை மடிப்பு மாறியிருந்தது என்றாள். ஞாயிற்றுக்கு இரண்டு நாள் முன்பு.

பூவராகன் போனை எடுத்தான். எதற்கென்று தெரியாது, விரல் போனபடி போய் அந்தப் பழுப்பேறிய பக்கத்தைத் திறந்தது. இறைந்த வெளிச்சத்தில் எழுத்துகள் சின்னதாக ஊர்ந்தன. குழந்தைகளின் படங்களை நீக்கக் கோருவது எப்படி என்று ஒரு இணைப்பு இருந்தது. எங்கெங்கே எழுத வேண்டும், என்ன சொல்ல வேண்டும், எல்லாம் பொறுமையாகப் போட்டிருந்தார்கள். வலைத்தளத்திலிருந்து நீக்கலாம், தேடலில் வராமல் செய்யலாம், வகுப்புப் பையன்களின் போனில் இறங்கிவிட்டதை நீக்க முடியாது என்பதையும் ஒளிக்காமல் சொல்லியிருந்தார்கள். மனுவில் சேர்த்ததை நீக்குவது பற்றி அந்தப் பக்கத்தில் எதுவும் இல்லை. இருக்காது. மேலும் கீழும் தள்ளிப் பார்த்தான், இருந்துவிடுமோ என்று. பிறகு போனில் கிடந்த பதிவுகளைத் திறந்தான். ஞாயிறு, ஞாயிறு, ஞாயிறு. ஒவ்வொன்றாக அழித்தான். ஒவ்வொன்றுக்கும் நிச்சயமாகவா என்று போன் கேட்டது. அவன் செய்வதை ஹேமலதா ஓரக்கண்ணால் பார்த்தாள். சிறிது நேரம் கழித்துத் தன் கைப்பையைத் திறந்து தன் போனை எடுத்தாள், வெளிச்சம் போட்டாள், எதையும் தொடாமல் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சானலை எடுத்துவிட்டால் வீட்டு வாடகைக்கு என்ன செய்வாள் என்று அவனுக்கு ஓடியது. அதை நான் கேட்கலாமா, கேட்டால் விலை பேசுவதாக ஆகுமா, மிருதுளா அவளிடம் போகிறேன் என்று சொல்லிவிட்டால் பிறகு எதைக் கேட்டுத்தான் என்ன. என்னிடம் வருகிறேன் என்று சொல்லிவிட்டால்? அப்போது அவளைக் கூட்டிக்கொண்டு போய் தனி வீட்டில் உட்காரவைத்து, நான் லாட்ஜுக்குப் போன பிறகு, அவள் யாரிடம் எதைச் சொல்வாள். என்னிடம் சொல்வாளா. நான் எதிரில் உட்கார்ந்தால் என் கண்ணைப் பார்ப்பாளா, சட்டைப் பையைப் பார்ப்பாளா. வரவேண்டாம் என்று சொல்லிவிடட்டுமே என்றுகூட ஒரு நினைப்பு எட்டிப்பார்த்தது. அதைக் கண்டு அவனுக்கே பயமாக இருந்தது. பெற்ற பிள்ளையைப் பார்த்து ஒருவன் இப்படிப் பயப்படுவானா. கூடத்தில் வெளிச்ச வளையத்துக்கு ஒதுங்கி நடந்த அதே கால்கள் இப்போது இரண்டும் சேர்ந்து நடுங்குகின்றன, பெஞ்சு வழியாக அந்த நடுக்கம் மறு கோடிக்குப் போயிருக்க வேண்டும். குளிருதா என்று ஹேமலதா கேட்டாள். இந்த வெயிலில்.

கதவு திறந்தது. ஆலோசகர் அம்மா மட்டும் வெளியே வந்தார். பாப்பா உள்ளே தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறாள், நன்றாகத்தான் இருக்கிறாள் என்றார். வக்கீல்கள் வந்த பிறகு நீதிபதி அம்மா முறையாகச் சொல்வார்கள், ஆனால் நீங்கள் இரண்டு பேரும் முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது என்றார். பூவராகனும் ஹேமலதாவும் சேர்ந்தாற்போல் எழுந்து நின்றார்கள்.

மிருதுளா அப்பாவிடமும் இருக்க விரும்பவில்லை, அம்மாவிடமும் இருக்க விரும்பவில்லை. திண்டிவனம் பக்கத்தில் ஒரு விடுதிப் பள்ளியைப் பற்றி அவளே இணையத்தில் தேடிப் படித்து வைத்திருக்கிறாள். அங்கே மாணவிகளுக்குப் போன் கிடையாது, பார்க்க வருகிறவர்களும் வாசலில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அங்கே சேர்க்கச் சொன்னாள்.